பவுடரும் மூச்சும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியுற மாதிரிப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் தொழில் தூசி அளப்பது. தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் மூச்சோடு என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று அளந்து சொல்வது. சிமெண்ட் தூசி, பஞ்சுத் தூசி, குவாரித் தூசி என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் இந்த அரங்கில் உள்ள எல்லோருக்கும் சம்பந்தமுள்ள ஒரு தூசியை எடுத்துக்கொண்டேன். அது முகத்துக்குப் போடும் பவுடர். குரூப் போட்டோ உண்டு என்று தெரிந்ததும் நம்ம பேட்ச் ஆண்கள்கூட அதை விட்டுவைக்கவில்லை என்பது இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது!

கேள்வி சாதாரணமானது. பவுடர் போடும்போது எவ்வளவு மூக்குக்குள் போகிறது? பதில் சொல்வதுதான் கஷ்டம். ஏன் கஷ்டம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் பவுடர் என்றால் என்ன? பெரும்பாலான டப்பாக்களில் இருந்தது, இன்றும் பலவற்றில் இருப்பது, டால்க் என்ற கல்லின் மாவு. பெயர் புதிது போலத் தோன்றும், கல் நமக்குப் பழையது. நம் பாட்டிமார் வத்தக்குழம்பு வைத்த கல்சட்டி, மாக்கல்லைக் குடைந்து செய்தது. மாக்கல்லின் முக்கியப் பகுதி இதே டால்க்தான். நாம் சிலேட்டில் எழுதி, அவ்வப்போது கடித்தும் தின்ற வெள்ளைப் பலப்பமும் அந்த வகைதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்திய மோஸ் அளவுகோலில் டால்க்குக்கு 1. அதைவிட மெதுவான கல் அந்த வரிசையில் இல்லை. அது தகடு தகடாக உரியும். விரலில் வழுக்குவதற்குக் காரணம் அதுதான். இந்தியாவில் அதிகம் கிடைப்பது ராஜஸ்தானில். இதோடு மைக்கா, சோள மாவு, துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்று டப்பாவுக்கு டப்பா சேர்மானம் மாறும்.

கல்சட்டியில் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. அதே கல்லை மாவாக்கிக் காற்றில் பறக்கவிட்டால் கதை வேறு. கல் அதேதான், மாறுவது அளவு மட்டும்தான். எங்கள் தொழிலில் எல்லாமே அளவுதான்.

நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நொடிக்கு 25 சென்டிமீட்டர் வேகத்தில் விழும், அதாவது உடனே தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகள் நொடிக்கு 3 மில்லி மீட்டர்தான் இறங்கும். முகத்து உயரத்திலிருந்து தரைக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு அரை நாள் ஆகும். நீங்கள் பவுடர் போட்டு, சட்டை மாட்டி, பஸ் பிடித்து, ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்ட பிறகும் அது உங்கள் அறையில் மிதந்துகொண்டிருக்கும். இது அசையாத காற்றின் கணக்கு. நம் வீட்டுச் சீலிங் ஃபேனுக்குக் கீழே இந்தக் கணக்கும் செல்லாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மனித உடம்பு சூடானது. அந்தச் சூட்டினால் உடம்பை ஒட்டிய காற்று மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது, நொடிக்கு சுமார் 20 சென்டிமீட்டர் வேகத்தில். 10 மைக்ரான் துகள் கீழே இறங்குவது 3 மில்லி மீட்டர், காற்று அதை மேலே தூக்குவது 200 மில்லி மீட்டர். யார் ஜெயிப்பார்கள்? கழுத்திலும் மார்பிலும் போட்ட பவுடர் மூக்குக்கு வருவது இப்படித்தான். "நான் முகத்துக்குப் போடுறதே இல்ல சார், உடம்புக்குத்தான்" என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆக, அறையின் மூலையில் ஒரு கருவியை வைத்து அளந்தால் போதாது. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1990-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரத்தில் 178 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொருவரும் தூசி அளக்கும் சிறு கருவியை உடம்பில் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குள் ஒரு கருவி, வெளியே ஒரு கருவி. பகல் நேரத்தில் வீட்டுக்குள்ளும் வெளியேயும் 10 மைக்ரானுக்குட்பட்ட தூசி கன மீட்டருக்கு சராசரியாக 95 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. ஆட்கள் மாட்டியிருந்த கருவிகளில் 150. உள்ளேயும் 95, வெளியேயும் 95, ஆளிடம் மட்டும் 150 எப்படி? மனிதன் நடக்கிறான், கூட்டுகிறான், துணியை உதறுகிறான், சமைக்கிறான். தன்னைச் சுற்றித் தானே ஒரு தூசி மேகத்தைக் கிளப்பிக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கிறான். எங்கள் துறையில் இதற்குத் 'தனிநபர் மேகம்' என்றே பெயர். பவுடர் போடும் நிமிடத்தில் இந்த மேகம் கண்ணுக்கே தெரியும், காலை வெயில் ஜன்னல் வழியாக வந்தால் பாருங்கள்.

சரி, மூக்கருகேயே அளப்போம். தொழிற்சாலையில் என்ன செய்வோம் என்றால், தொழிலாளியின் இடுப்பில் ஒரு சிறிய பம்ப், அதிலிருந்து ஒரு குழாய், சட்டைக் காலரில் ஒரு ஃபில்டர் மாட்டுவோம். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் ஃபில்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பம்ப் நிமிடத்துக்கு 2 லிட்டர் காற்றை இழுக்கும். எட்டு மணி நேரம் கழித்து ஃபில்டரை எடுத்து எடை போடுவோம். எடை கூடியிருந்தால் அது தூசி. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்தூசி மட்டும் வேண்டுமென்றால் ஃபில்டருக்கு முன்னால் சைக்ளோன் என்ற சிறு பாகத்தைப் பொருத்துவோம். காற்று அதில் சுழன்று போகும்போது கனமான துகள்கள் ஒதுங்கிவிடும். 4 மைக்ரான் என்பது அதன் பாதிக்குப் பாதி எல்லை.

பவுடருக்கு இது ஒத்துவராது. ஏன்? பவுடர் போடுவது ஒரு நிமிட வேலை. மூக்கருகே அந்த நிமிடத்தில் கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் தூசி இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நல்ல அடர்த்தியான புகை மூட்டம் போன்ற அளவு அது. ஒரு நிமிடத்தில் 2 லிட்டர் இழுத்தால் ஃபில்டரில் சேருவது 10 மைக்ரோகிராம். நம் வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை பார்ப்போமே, அந்தத் தராசு காட்டும் மிகக் குறைந்த அளவு 100 மைக்ரோகிராம். பத்து மடங்கு பற்றாக்குறை! எட்டு மணி நேரம் பம்பை ஓடவிட்டாலும் பிரயோஜனமில்லை. ஒரு நிமிட உண்மை 479 நிமிடச் சாதாரணக் காற்றில் கரைந்துபோகும்.

அதனால் நொடிக்கு நொடி துகள்களை எண்ணும் கருவிகள் வந்தன. சில கருவிகள் துகளின் மீது ஒளியைப் பாய்ச்சிச் சிதறலைப் பார்க்கும். சில, துகளைக் காற்றோடு வேகமாகத் தள்ளி இரண்டு லேசர்க் கதிர்களுக்கிடையே எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்க்கும். மிக நுண்ணிய துகள்களுக்கு மின்னூட்டம் கொடுத்து மின்புலத்தில் எப்படி நகருகிறது என்று பார்ப்பார்கள். எல்லாமே கெட்டிக்காரத்தனமான யோசனைகள்தான். ஆனால் டால்க் துகள் உருண்டை அல்ல, தகடு. மைக்ராஸ்கோப்பில் பெரிதாகத் தெரியும் தகடு, காற்றில் ஒரு சின்ன உருண்டையைப் போல மெதுவாக மிதக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் அளவை வைத்து அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. காற்றில் எப்படி நடந்துகொள்கிறதோ அந்த அளவுதான் செல்லும்.

இப்போது முக்கியமான பரிசோதனைக்கு வருகிறேன். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கெடிமினாஸ் மைனெலிஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இது. அந்தக் காலகட்டத்தில் 'நானோ' என்ற சொல் ஒரு மந்திரம் போல இருந்தது. நானோ துகள் கலந்த முகப் பவுடர்கள் கடைக்கு வந்துவிட்டன. ஒரு நானோ மீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒன்று. இவ்வளவு சிறியது மூச்சோடு போனால் நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடுமே என்று பயம். அவர்கள் என்ன செய்தார்கள்? ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி ஒரு பொம்மைத் தலையை வைத்தார்கள். அதன் மூக்குத் துவாரங்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தார்கள். மூன்று நானோ பவுடர்கள், மூன்று சாதாரணப் பவுடர்கள். நாம் பூசுவது போலவே பொம்மையின் முகத்தில் பூசினார்கள். மூக்கு வழியாக உள்ளே போன காற்றைக் கருவிகளுக்கு அனுப்பினார்கள். 14 நானோ மீட்டரிலிருந்து 20 மைக்ரான் வரை எண்ணினார்கள்.

என்ன தெரிந்தது தெரியுமா? டப்பாவுக்குள் நானோவாக இருந்தது மூக்குக்கு வரும்போது நானோவாக இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகவோ, பெரிய துகளின் மேல் ஒட்டிக்கொண்டோ வந்தன. உள்ளே போனதில் பெரும்பகுதி 100 நானோ மீட்டரைவிடப் பெரியது. எடைக் கணக்கில் 85 முதல் 93 விழுக்காடு மூக்கு, தொண்டைப் பகுதியிலேயே படிந்துவிடும், நுரையீரலின் காற்றறைகள் வரை போவது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணித்தார்கள். நானோ என்று எழுதியிருந்த பவுடருக்கும் எழுதாத பவுடருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை "அப்பாடா, ஆபத்து இல்லை" என்று புரிந்துகொள்ளக் கூடாது, "நானோ எல்லாம் சும்மா" என்றும் புரிந்துகொள்ளக் கூடாது. பூசும்போது கிளம்புவதை மூக்கருகே அளக்காமல், மூலப்பொருளின் அளவை மட்டும் வைத்து இரண்டு பக்கமும் சண்டை போடுவது வீண். என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் மதிப்பு அதன் எண்களைவிட அந்தப் பொம்மைத் தலையில்தான் இருக்கிறது.

கட்டி என்று சொன்னேனே, அது ஒரு கோர்ட்டு வழக்கையே மாற்றியது. டைட்டானியம் டை ஆக்சைடு பவுடரை, சுவாசித்தால் புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருளாக ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் வகைப்படுத்தியது. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். எலிகளின் நுரையீரலில் எவ்வளவு இடத்தை அந்தத் தூசி அடைத்தது என்று கணக்குப் போட்ட நிபுணர் குழு, தனித்துகளின் அடர்த்தியை எடுத்துக்கொண்டது. ஆனால் நுரையீரலில் இருந்தவை கட்டிகள், கட்டிக்குள் வெற்றிடம் உண்டு, அதன் அடர்த்தி குறைவு, ஆகவே அதே எடைக்கு அது அடைக்கும் இடம் அதிகம். இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2022 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த வகைப்பாட்டை ரத்து செய்தது. இயற்பியல் தம்பிகளே, அடர்த்தி என்றால் எடையைப் பருமனால் வகுப்பது என்று முதல் வருடத்தில் படித்தீர்களே, அது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

சரி, நமக்கு என்ன? முன்பு சொன்ன அதே 5 மில்லிகிராமை வைத்து ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 10 லிட்டர் மூச்சு, ஒரு நிமிடம் பவுடர், அப்படியானால் உள்ளே போவது 50 மைக்ரோகிராம். அதில் பத்தில் ஒன்று நுரையீரலின் ஆழத்துக்கு என்றால் 5 மைக்ரோகிராம். இதே ஆள் ஊர்க் காற்றில் ஒரு நாளைக்கு 15 கன மீட்டர் சுவாசிக்கிறார். நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் தரவரையறைப்படி 2.5 மைக்ரான் நுண்தூசி 24 மணி நேர சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அந்த வரம்புக்குள் இருந்தாலே ஒரு நாளைக்கு 900 மைக்ரோகிராம். இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலையில் ஒரு தரம் பவுடர் போடும் பெரியவர் பயந்து நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காதவர்கள் மூன்று இடங்களில் இருக்கிறார்கள். நான் இங்கே வந்து பேசுவதே அவர்களுக்காகத்தான்.

முதலாவது, கைக்குழந்தை. குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று பவுடரைக் கொட்டி, குழந்தை வெள்ளைப் பூனைக்குட்டி மாதிரி ஆனால்தான் நம் அம்மாமார்களுக்குத் திருப்தி. ஒரு கிலோ எடைக்கு என்று பார்த்தால், ஓய்வில் இருக்கும் பெரியவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றைக் குழந்தை சுவாசிக்கிறது. முதல் சில மாதங்கள் பெரும்பாலும் மூக்காலேயே சுவாசிக்கும். மல்லாந்து படுத்திருப்பதால் மேலேயிருந்து விழுவதும் முகத்துக்குத்தான் வரும். டப்பா கைதவறிக் கவிழ்ந்தால் அது துகள் அளவுப் பிரச்சினையே அல்ல, மூச்சுக்குழல் அடைத்துப்போகும் பிரச்சினை. 1920-களில் துத்தநாக ஸ்டியரேட் பவுடரை உள்ளே இழுத்துக் குழந்தைகள் இறந்ததை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1981-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழ் பேபி பவுடரின் ஆபத்து பற்றி எச்சரித்தது. டப்பாவின் பின்பக்கம் குழந்தையின் மூக்கு வாயிலிருந்து தள்ளி வைக்கவும் என்று பொடி எழுத்தில் இருக்கும். எத்தனை பாட்டிமார் கண்ணாடி போட்டு அதைப் படித்திருப்பார்கள்? "ஏன்டி, உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன்" என்று சொல்லும் மாமியாரிடம் மருமகள் என்ன பதில் சொல்ல முடியும்? சொல்ல வேண்டியது மகன். பவுடர் போட்டே ஆகணும் என்றால் தள்ளி நின்று தன் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துவிட்டு அப்புறம் பூசட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு.

இரண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ். மெக்னீசியம் மிகுந்த பாறைகள் மாறும்போது டால்க் உண்டாகிறது. அதே பாறையில், அதே சூழ்நிலையில் டிரெமோலைட், ஆந்தோபிலைட் போன்ற இழைக் கனிமங்களும் உண்டாகலாம். ஆகவே எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு என்பது முக்கியம். 2009-இல் தென் கொரியாவில் பேபி பவுடர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய கலவரமே ஆயிற்று. இங்கே எடை போட்டு ஒன்றும் தெரியாது. இழைகளை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். 5 மைக்ரானுக்கு மேல் நீளம், அகலத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத நீளம் உள்ளதைத்தான் சாதாரண முறையில் எண்ணுவோம். மெல்லிய இழைகள் அந்த மைக்ராஸ்கோப்பில் தெரியாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் பவுடர் பாதுகாப்பானதுதான் என்று சொல்லிக்கொண்டே, டால்க் பேபி பவுடரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்துவதாக 2020-இலும், 2023-இல் உலகெங்கும் நிறுத்தி சோள மாவுக்கு மாறுவதாக 2022-இலும் அறிவித்தது. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டால்க்கை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதற்கு மனிதர்களிடம் கிடைத்த ஆதாரம் சினைப்பைப் புற்றுநோய் பற்றியது. மூச்சைப் பற்றிய விவாதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சோள மாவு ஆஸ்பெஸ்டாஸ் பயத்தைப் போக்கும். தூசியைப் போக்காது.

மூன்றாவது, நாம் யாரும் யோசிக்காதவர்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் பெரிய பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டுக் கழுத்தில் பட் பட்டென்று அடிப்பார்கள் அல்லவா? நமக்கு மாதத்துக்கு ஒரு தடவை. அடிக்கிறவருக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை. பியூட்டி பார்லரில் வேலை செய்யும் பெண்களுக்கும் அப்படித்தான். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் விடிகாலை மூன்று மணிக்கே கல்யாண மண்டப அறையில், ஏசிக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு, மணப்பெண், மணப்பெண்ணின் தங்கை, அத்தை, சித்தி என்று வரிசையாக மேக்கப் நடக்கும். அதே 50 மைக்ரோகிராமை முப்பதால் பெருக்குங்கள். ஒரு நாளைக்கு 1.5 மில்லிகிராம். வருடத்துக்கு 300 நாள், முப்பது வருடம் என்றால் 13.5 கிராம். மூக்கு வடிகட்டுவது போக, உடம்பு சளியோடு வெளியேற்றுவது போக, மிச்சம் எவ்வளவு? டால்க் சுரங்கத்திலும் அரவை ஆலையிலும் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் தழும்பு நோய் வருவது மருத்துவம் அறிந்ததுதான். சலூன்காரருக்கு அந்த அளவு போகிறது என்று நான் சொல்லவில்லை. அளந்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்கிறேன். சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்கள் பரிந்துரைத்த, எட்டு மணி நேரத்துக்குக் கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் நுண்தூசி என்ற வரம்பு. முடிதிருத்தும் தொழிலாளியின் காலரில் பம்ப் மாட்டிப் பார்க்க யார் போகிறார்கள்?

இதை நம் கல்லூரி மாணவர்களே செய்யலாம். இறுதியாண்டு புராஜக்டுக்கு எங்கோ டவுன்லோடு செய்த தலைப்பை விட்டுவிட்டு இதை எடுங்கள். ஓர் எச்சரிக்கை மட்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு லேசர் தூசி சென்சார் கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த சென்சார்கள் புகை மாதிரி நுண்துகளை ஓரளவு நன்றாகப் பார்க்கும். இரண்டரை மைக்ரானுக்கு மேலே போகப் போகப் பார்வை மங்கிவிடும், பி.எம். 10 என்று அது காட்டும் எண் பெரும்பாலும் ஊகம். பவுடர் தூசியின் எடையில் பெரும்பங்கு அந்தப் பெரிய துகள்களில்தான் இருக்கிறது.

பழைய முறைதான் இதற்குச் சரி, பம்ப்பும் ஃபில்டரும். ஒரு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம்தான் சேரும் என்றேன். வீட்டில் அது கஷ்டம், சலூனில் அதுவே வசதி. ஒரே ஃபில்டரை மாட்டி, பவுடர் அடிக்கும் நேரத்தில் மட்டும் பம்பை ஓடவிட்டு, ஒரு நாள் முழுக்க முப்பது வாடிக்கையாளருக்குச் சேர்த்தால் 300 மைக்ரோகிராம். 10 மைக்ரோகிராம் வரை காட்டும் தராசு இருந்தால் நம்பகமாக எடை போடலாம். ஃபில்டரை முன்னும் பின்னும் ஒரே ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்திருந்து எடை போடுங்கள், முக்கியமாகச் சோள மாவுப் பவுடருக்கு, அது ஈரத்தை உறிஞ்சும். பம்ப் ஓடாத ஒரு வெற்று ஃபில்டரையும் கூடவே கொண்டுபோங்கள். முடித்தூளும் ஃபில்டரில் விழும், மைக்ராஸ்கோப்பில் பார்த்து அதைக் குறித்துவையுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள். அண்ணே, உங்க பிழைப்பைக் கெடுக்க வரல, உங்க மூச்சுக்காகத்தான் வந்திருக்கோம் என்று சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

வேதியியல் துறைத் தலைவர் அம்மா அவர்களிடம் பேசியிருக்கிறேன். என்னிடம் பயன்பாட்டில் இல்லாத இரண்டு பம்ப்புகளும் ஒரு சைக்ளோனும் இருக்கின்றன, வரும் பருவத்துக்குள் பழுது பார்த்து அனுப்பிவைக்கிறேன். சலூன் வைத்திருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் இங்கே இருந்தால் பந்தி முடிந்ததும் என்னைப் பாருங்கள், முதல் கடை உங்களுடையதாக இருக்கட்டும்.